மரமில்லா வெளி – 9: முக்கால் மணி ஊர்கள்

இந்த வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஜூலையில் பெர்த்தில் கேரவன் எடுத்து, நலர்போர் வழியாக அடிலெய்டு. எடைக் கணக்கு சென்ற வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்ட வேண்டாம்.

புதன்கிழமை இரவு புக்கிட் பாஞ்சாங் வீட்டில், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, எந்த இரவு எங்கே தங்குவது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். கைகுனா என்ற இடத்தை ஒட்டிக் கிழக்கே ஒரு குறிப்பு: கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளவும். ஒரு மணி நேரம் அல்ல, அரை மணிகூட அல்ல, முக்கால் மணி! தண்ணீர்த் தொட்டி அன்றோடு பின்னுக்குப் போய்விட்டது.

சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் ஒரே நேரம்தான். உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னே. ஐந்து மணி நேரம் பறந்து இறங்கினாலும் கைக்கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியா ஒன்பதரை. நடுவிலிருக்கும் ஒன்றரை மணியைச் சரிபாதியாகப் பிளந்து, எட்டே முக்காலைத் தங்கள் நேரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் காக்கிள்பிடி, மதுரா, மண்ட்ரபில்லா, யூக்லாவில் இருப்பவர்கள். ஊர் என்று நான் எழுதினாலும் இவற்றில் பெரும்பாலானவை ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு சாப்பாட்டுக் கடை, சில அறைகள், கேரவன் நிறுத்த ஓர் இடம், அவ்வளவே. அரசு முறைப்படி அறிவித்த நேரமும் அல்ல இது. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் பலகை நிற்கிறது, கடைச் சுவரில் கடிகாரம் ஓடுகிறது, அடுப்பு அந்த மணிக்குத்தான் அணைகிறது.

மதுரா என்ற பெயரை வரைபடத்தில் பார்த்ததும் என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர்கள் நம் மதுரையையும் அப்படித்தானே எழுதினார்கள். 1876இல் அங்கே குடியேறியவர்கள் வளர்த்தது குதிரைகள், அதுவும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்காக. இதற்கே ஒரு வாரம் கேட்கலாம். இப்போதைக்கு விடுகிறேன்.

தீர்க்கரேகை ஒரு பாகை நகர்ந்தால் சூரியன் நான்கு நிமிடம் தள்ளிப்போகும். யூக்லா ஏறக்குறைய 128.9 பாகையில் இருக்கிறது. பெருக்கினால் 8 மணி 35 நிமிடம். அவர்கள் வைத்திருக்கும் எட்டே முக்காலுக்கும் சூரியனுக்கும் பத்தே நிமிட இடைவெளி. நம் ஊர் 103.8 பாகை. அப்படியானால் நம் நேரம் 6 மணி 55 நிமிடமாக இருக்க வேண்டும், வைத்திருப்பதோ எட்டு. ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகச் சூரியனை விட்டு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம். காலை ஏழு மணிக்கு எல்ஆர்டி ஏறும் பிள்ளைகள் அரையிருட்டில் போவது இதனால்தான். இத்தனை வருடமாக அதை வெறும் பள்ளிக்கூட நேரத்தின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

சிங்கப்பூரின் மணி ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. 1933இல் ஏழு மணி இருபது நிமிடம். 1941இல் ஏழரை. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ மணி, அதாவது ஒன்பது. 1945இல் மீண்டும் ஏழரை. மலேசியா தன் கிழக்கு மாநிலங்களோடு ஒன்றுபட அரை மணியைக் கூட்டியபோது நாமும் கூட்டினோம். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே 1982 பிறந்துவிட்டது.

இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். அன்றைக்கு அவருக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. பதினொரு மணிக்கு உள்ளே போனவர், காலை ஏழு மணிக்கு வெளியே வந்திருக்கிறார். "எட்டு மணி நேர வேலை, அன்னிக்கு மட்டும் ஏழரை மணிப்பா. நாங்க எல்லாரும் ஒண்ணா சேர்ந்து கைக்கடிகாரத்த திருப்பி வச்சோம்." நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த அரை மணியை அவர் மறக்கவில்லை. இந்தப் பயணத்துக்கு அவரும் வருகிறார் என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று இங்கேயே எழுதிவைக்கிறேன்.

யூக்லாவில் இன்னொன்று. 1877இல் பெர்த்தையும் அடிலெய்டையும் தந்தி இணைத்தபோது இரு பக்கக் கம்பிகளும் சந்தித்த இடம் அது. இரண்டு குடியேற்றங்களும் இரண்டு வகை மோர்ஸ் குறிகளைப் பயன்படுத்தின. ஆகவே ஒரே கட்டடத்தில் இரு தரப்பு ஊழியர்களும் எதிரெதிராக உட்கார்ந்து, இந்தப் பக்கம் வந்த செய்தியைத் தாளில் எழுதி மேசைக்கு அப்பால் நீட்டுவார்கள். அந்தப் பக்கத்தவர் தம் குறியில் மறுபடி தட்டி அனுப்புவார். கண்டத்தின் இரு கரைகளுக்கு நடுவே அந்த மேசையின் அகலத்தை மட்டும் செய்தி மனிதக் கையால் கடந்தது. இன்று அந்தக் கட்டடத்தை மணல்மேடு விழுங்கிக்கொண்டிருக்கிறது, சுவர்கள் மட்டும் தலை நீட்டுகின்றன. அங்கே ஒரு முழு மாலை வேண்டும் என்று திட்டத்தில் எழுதிவிட்டேன்.

இந்த முக்கால் மணி வெறும் தகவலாக நிற்கவில்லை, என் பயணத் திட்டத்தையே புரட்டிப் போட்டுவிட்டது. நமக்கு வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணிவாக்கில் மறைகிறது. அந்தப் பழக்கத்தில், மாலை ஆறு வரை ஓட்டலாம் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தேன். ஜூலை அங்கே குளிர்காலம். மதுராவில் நம் மணிப்படி 4.40க்கே சூரியன் விழுந்துவிடும், உள்ளூர் மணிப்படி 5.25. இருட்டும் நேரத்தில்தான் கங்காருக்கள் சாலைக்கு வரும். பின்னால் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்காது, பின்பாரம் தள்ளும். ஆகவே இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

நார்ஸ்மனிலிருந்து முதல் நாளே மதுரா என்று வைத்திருந்தேன். சுமார் 530 கிலோமீட்டர். அதில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லை. சிங்கப்பூரைக் குறுக்காக மூன்று முறை கடப்பதற்குச் சமம். கேரவனோடு மணிக்கு 90 என்று ஓட்டினால், அப்பாவுக்காக நிற்கும் நேரங்களையும் சேர்த்து, எட்டு மணி நேரம். காலை எட்டுக்குக் கிளம்பினால் பெர்த் மணியில் நான்குக்குப் போய்ச் சேரலாம். நாற்பது நிமிடம்தான் மிச்சம். ஒரு டயர் பழுதானால் அதுவும் போச்சு. அடித்துவிட்டு 90 கிலோமீட்டர் முன்னதாகவே காக்கிள்பிடி என்று எழுதினேன். பகல் வெளிச்சத்திலேயே கேரவனைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தி, மின்வயர் இணைத்து, சோறு வைத்துவிடலாம்.

சனிக்கிழமை சிராங்கூன் சாலையில் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிவந்தேன். பெரிய எண்கள், அப்பா கண்ணாடி இல்லாமலே பார்க்க. கேரவனில் மாட்டுவதற்காக வாங்கியது இப்போது சமையலறைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், முக்கால் மணி முன்னதாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வரியை எழுதும்போது ஒன்றில் 11.10, மற்றொன்றில் 11.55. கட்டுரை நள்ளிரவுக்குள் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

தொட்டி எத்தனை லிட்டர், அது எங்கே இருக்க வேண்டும், நலர்போரில் நிரப்பக் கிடைக்குமா: அடுத்த வாரம்.