அழிந்த கோப்பு எங்கிருந்து திரும்பும்?

மயிலாப்பூரின் ஆடிட்டர் அலுவலகம், தி.நகரின் ஜவுளிக்கடை, அடையாறின் கல்லூரி என்று எங்கே பார்த்தாலும் அன்றாடக் கணக்கும் பதிவும் ஏதோ ஒரு சர்வரை நம்பியிருக்கின்றன. அவற்றில் பல, யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் ஓடுபவை. ‘ரூட்’ என்ற முழு அதிகாரத்தோடு ‘ஆர்எம்’ கட்டளையை அடிப்பவர் ஓர் இடைவெளியைத் தவறான இடத்தில் விட்டால் போதும், சர்வரை இயக்கும் கோப்புகளே போய்விடும். குப்பைத்தொட்டி கிடையாது. உடனே எல்லோரும் தேடுவது, போனதை வட்டிலிருந்து தோண்டித் தரும் மென்பொருளைத்தான். அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண். வேறெங்கோ ஒரு பிரதி இருந்தால்தான் மீட்பு உண்டு.

யூனிக்ஸில் ஒரு கோப்பை நீக்கும்போது முதலில் போவது அதன் பெயர். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும். லினக்ஸில் ‘ப்ராக்’ பகுதி வழியாக அதை நகலெடுத்துவிடலாம். பதறிப்போய் ரீபூட் செய்தால் நிரல்கள் மூடிக்கொள்ளும், இந்த வாய்ப்பும் போகும், சர்வர் எழாமலே கிடக்கவும் கூடும். நிரல்கள் மூடிய பிறகோ, இன்றைய கோப்பு முறைகள் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்ற குறிப்பையே துடைத்துவிடுகின்றன. எஸ்எஸ்டி வட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 1986-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு வாக்ஸ் கணினியின் முக்கியக் கோப்புகள் ‘ஆர்எம்’ கட்டளையால் தவறுதலாக நீங்கின. அப்போது அங்கே இருந்த மரியோ வோல்ச்கோ எழுதிவைத்த அந்த நிகழ்வு இன்றும் பேசப்படுகிறது. அங்கிருந்தவர்கள் கணினியை நிறுத்தவில்லை. திறந்திருந்த எடிட்டர் ஒன்றைக் கொண்டு, பக்கத்து வாக்ஸில் உருவாக்கிய சிறு நிரலைக் கையாலேயே தட்டச்சு செய்து, பிறகு பேக்கப் நாடாவிலிருந்து மற்றவற்றைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சாமர்த்தியம் வியக்கவைக்கிறது. ஆனால் இன்னொரு வாக்ஸும் அந்த நாடாவும் இல்லாதிருந்தால் அதற்கு வேலையே இருந்திருக்காது.

அமைப்புக் கோப்புகள் போவது உண்மையில் சிறிய இழப்பு. சி-டாக் என்ற அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் தொகுப்புகள் உலகெங்கும் பல சர்வர்களில் இருக்கின்றன. மறுபடி நிறுவிவிடலாம். உங்கள் சர்வரின் அமைப்புகள், பயனர் பட்டியல், தரவுத்தளம் ஆகியவற்றுக்கு அப்படி உலகப் பிரதி கிடையாது. தமிழ் வாசகருக்கு இது தெரிந்த துயரம்தான். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் கிடைத்தது. 267, 268-ஆம் பாடல்கள் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை. இன்றுவரை நம்மிடம் இல்லை.

“எங்களிடம் ரெய்டு இருக்கிறதே” என்பார்கள். ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதும் ரெய்டு, ஒரு வட்டு பழுதானால் காப்பாற்றும். நீங்கள் அழித்தால் இரண்டு வட்டுகளிலும் ஒரே நேரத்தில் பணிவோடு அழிக்கும். அதே அறையில் வைத்த பேக்கப்பும் போதாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததை சென்னை மறந்திருக்காது. திறமையான நிர்வாகி இப்படித் தவறமாட்டார் என்ற வாதமும் நிற்காது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தையே தவறுதலாக நீக்கினார். அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஒரு பேக்கப் தோல்வியடைந்துவந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்கள்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக ஒருவர் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

பேக்கப்பைச் சோதிக்கச் செலவாகும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. சிறிய கடைக்குத் தனி நிபுணர் கட்டுப்படியாகாது. ஆனால் ரீஸ்டோர் செய்து பார்க்க ஒரு பழைய கணினியே போதும். மாதம் ஒருமுறை பேக்கப்பை அதில் ஏற்றி, நேற்றைய பில் ஒன்று திறக்கிறதா, முழுதும் எழ எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்துக் குறித்துவைத்தால், கடை எத்தனை நேரம் மூடியிருக்க நேரும் என்பது உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.