பின்பனிக் காலத்துப் புயலும் பனிச்சறுக்கு வீரரும்

புயல் வருகிறது என்றால் சாந்தோமில் வாழும் நாம் என்ன செய்வோம்? மொட்டை மாடியில் காயும் துணிகளை அள்ளி வருவோம். மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் கைக்கெட்டும் இடத்தில் வைப்போம். பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று செய்திகளுக்குக் காதைத் தீட்டிக் கொண்டிருப்போம். நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். புயல் வர வேண்டுமே என்று ஏங்கிக் காத்திருப்பவர் எவரேனும் உண்டோ?

உண்டு என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் இமயமலையின் மீது பெரும் பனிப்புயல் ஒன்று வீசியது. அதைப் பற்றி நாளிதழில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்றில், காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு வீரர்கள் மகிழ்ச்சியில் திளைத்தார்கள். மற்றொன்றில், பத்ரிநாத்துக்கு அருகே தொழிலாளர் பலர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஒரே புயல், ஒரே வாரம். ஓரிடத்தில் கொண்டாட்டம், மற்றோரிடத்தில் கண்ணீர். இது எப்படி என்று எங்கள் வகுப்பில் வாதம் எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

குல்மார்க் எங்கே இருக்கிறது?

காஷ்மீரத்தின் பாரமுல்லா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பது குல்மார்க். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரந்தான்! ஆயினும் தொட்டபெட்டாவில் புல் நுனியில் உறைபனி படிவதோடு சரி. குல்மார்க்கிலோ வீட்டுக் கூரை அளவு வெண்பனி குவிகிறது. காரணம், தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது; குல்மார்க் 34 பாகை வடக்கே இருக்கிறது. உயரம் மட்டும் போதாது. சூரியன் சாய்ந்து காயும் நாடாகவும் இருக்க வேண்டும்.

காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக் கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1927-இல், குல்மார்க்கில் அதற்கென ஒரு சங்கம் தோன்றியது. இன்று அங்கே பழநி மலையில் இருப்பதைப் போன்ற கம்பிவட வண்டி ஒன்று, பன்மடங்கு பெரியது, இரண்டு கட்டங்களாக அபர்வாத் மலைமீது ஏறுகிறது. 1998-இல் முதற்கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமும் தொடங்கின. இரண்டாம் கட்டம் நான்காயிரம் மீட்டரை நெருங்கும் உயரத்திற்குக் கொண்டு விடுகிறது. இப்பகுதியில் பிறந்து வளர்ந்த ஆரிப் கான், 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகப் பங்கு பெற்றார். நம்மைப் போன்ற பெண்களுக்கும் பெருமை சேர்த்தவர் ஒருவர் உண்டு. மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் 2018-இல் துருக்கியில் வெண்கலப் பதக்கம் பெற்று, பனிச்சறுக்கில் பன்னாட்டுப் பதக்கம் வென்ற முதல் இந்தியரானார்.

பனி வராத குளிர்காலம்

காஷ்மீர மக்கள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா', அதாவது குழந்தைக் குளிர். முதல் நாற்பது நாளில் விழும் பனிதான் இறுகி நிலைத்து, கோடையில் மெல்ல உருகி ஓடைகளை நிரப்பும்.

2025-இல் அந்த நாற்பது நாளும் பெரும்பாலும் வறண்டே கழிந்தன. குல்மார்க்கில் பிப்ரவரி 22 முதல் 25 வரை நடக்கவிருந்த 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாமையால் தள்ளி வைக்கப்பட்டன. பல மாதங்கள் பயிற்சி செய்த வீரர்களும் வீராங்கனைகளும் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அவர்கள் மட்டுமா? சுற்றுலாப் பயணிகளைச் சறுக்கு வண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்வோர், குதிரைக்காரர், வழிகாட்டிகள், விடுதிப் பணியாளர் ஆகிய அனைவரின் அடுப்பும் பனியை நம்பியே எரிகிறது. வறண்ட குளிர்காலம், மழை பொய்த்த ஐப்பசி நம் உழவருக்கு எப்படியோ அப்படியே அவர்களுக்கு.

பிறகு, குழந்தைக் குளிரின் கடைசி நாட்களில் புயல் வந்தது. நம் முன்னோர் மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனிக் காலம் என்றார்கள். அந்த மாசியில்தான் வந்தது. குல்மார்க் வெண்மை போர்த்தியது. தள்ளி வைத்த போட்டிகள் மார்ச் 9 முதல் 12 வரை இனிதே நடந்தேறின. வீரர்கள் அப்புயலை ஏன் வாழ்த்தி வரவேற்றார்கள் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

புயல் எங்கிருந்து வருகிறது?

நம் ஊருக்குப் புயல் தருவது வங்கக் கடல். இமயத்துப் பனிப்புயலின் பிறப்பிடமோ வெகு தொலைவில், மத்தியதரைக் கடற்பகுதியில் இருக்கிறது. அங்கே உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு, வானத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்றில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியாகப் பயணம் செய்கிறது. வழியில் அரபிக் கடலின் ஈரத்தையும் வாங்கிக் கொள்கிறது. வானிலையாளர் இதனை 'மேற்கத்திய இடையூறு' என்பர். பெயர்தான் இடையூறு, பஞ்சாபின் கோதுமைக்கு மழையையும் காஷ்மீரத்தின் ஆப்பிள் தோட்டங்களுக்கு ஈரத்தையும் கொண்டு தருவது இதுவே. இமயச் சுவரில் மோதியதும் ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, உயர்ந்த இடங்களில் பனியாகவும் தாழ்ந்த இடங்களில் மழையாகவும் கொட்டி விடுகிறது.

பஞ்சுப் பனி எப்படி உயிரைப் பறிக்கிறது?

புதுப்பனி பஞ்சுபோல் மென்மையானது. ஒரு கனமீட்டர் புதுப்பனியின் எடை நூறு கிலோ அளவே இருக்கும். ஆனால் நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள சரிவில் ஒரு மீட்டர் ஆழத்திற்குப் பனி கிடந்தால் மொத்த எடை என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் டன்!

இந்த ஆயிரம் டன் எதன்மேல் நிற்கிறது என்பதே கேள்வி. வறண்ட வாரங்களில் பழைய பனியின் மேற்பரப்பு பகல் வெயிலில் இளகி, இரவுக் குளிரில் மீண்டும் உறைந்து, கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். சில வேளைகளில் அதன்மேல் சர்க்கரை போன்ற உதிரிப் படலமும் உண்டாகும். புதுப்பனி அதனோடு ஒட்டுவதில்லை. எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் அரிசி மாவைக் குவித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சிறிது சாய்க்கும்வரை மாவு அசையாது. பிறகு ஒரு கணத்தில் முழுவதும் வழுகிவிடும். பனிச்சரிவும் அப்படித்தான் நிகழ்கிறது.

உங்கள் வடிவியல் பெட்டியிலுள்ள கோணமானியை எடுத்து 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வைப் பாருங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் இந்தச் சாய்வில்தான் நிகழ்கின்றன. இதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். இதைவிடச் சமமானால் அசையாது. சறுக்கு வீரர்கள் விரும்பித் தேடும் சாய்வும் இதுவே! அதனால்தான், மலையில் சறுக்குவோர் பனிச்சரிவில் சிக்கும்போது, பெரும்பாலும் அதைக் கிளப்பி விடுவது அவர்களுடைய அல்லது உடன் வந்தவருடைய எடையாகவே இருக்கிறது.

புதைந்தவரைக் காப்பாற்ற நேரம் மிகக் குறைவு. சுவிட்சர்லாந்தின் விபத்துகளை ஆராய்ந்தவர்கள், பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுக்கப்பட்டவரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்ததையும், அரை மணி கடந்தால் மூவரில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிதாவதையும் கண்டிருக்கிறார்கள். நகர்வது நின்றதும் அந்தப் பனி சிமெண்டுபோல் இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க இயலாது. ஆகவே மலைச்சரிவில் சறுக்கச் செல்வோர் இருப்பிடத்தை ஒலியால் காட்டும் சிறு வானொலிக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். தனியே செல்லலாகாது. உதவிப்படை மலையேறி வருவதற்குள் பத்து நிமிடம் பறந்துவிடும். பக்கத்தில் நிற்கும் தோழரே மீட்பர்.

காத்திருப்பதே முதல் பாடம்

பெரும்பனி விழுந்த அடுத்த ஓரிரு நாட்களே மிகுந்த ஆபத்தானவை. வானம் தெளிந்து, வெயில் அடித்து, மலை புதுமணப்பெண்போல் மின்னும்போது எவர் மனமும் துள்ளும். அந்த நேரத்தில் பொறுத்திருப்பவரே தேர்ந்த வீரர். குல்மார்க்கில் புயலுக்குப் பின், காவற்குழுவினர் சரிவுகளைச் சோதித்து, வேண்டிய இடத்தில் வெடிவைத்து நிலையற்ற பனியைத் தாங்களே விழச் செய்த பின்னரே மேல்மலையைத் திறந்து விடுகிறார்கள்.

பொறுமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 2023 பிப்ரவரி 1-ஆம் நாள் அபர்வாத் மலையில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று, பெரும்பனி கொட்டி ஓய்ந்த சில நாட்களுக்குள், வெளிநாட்டுச் சறுக்குவோர் குழு ஒன்று பனிச்சரிவில் அகப்பட்டது. ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டனர்.

காத்திருக்க இயலாதவர்கள்

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். 2025 பிப்ரவரி 28 காலை, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலை அமைப்பின் பணியிடத்தின் மீது பனிச்சரிவு இறங்கியது. இரும்புப் பெட்டி போன்ற அறைகளில் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் அகப்பட்டனர். இராணுவத்தினரும் பிற மீட்புப் படையினரும் கொட்டும் பனியில் மூன்று நாள் போராடி 46 பேரை உயிருடன் மீட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் அதற்கு முந்தின நாளே அம்மாவட்டத்திற்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிட்டிருந்தது.

அத்தொழிலாளர்கள் விளையாட வந்தவர்கள் அல்லர். சாலையில் பனியை அகற்றி, வழியைத் திறந்து வைக்கும் கூலிக்கு வந்தவர்கள். சறுக்கு வீரருக்குப் பனி பிடிக்காவிட்டால் விடுதியில் தேநீர் அருந்திக் காத்திருக்கலாம். கூலிக்கு வந்தவருக்கு அந்த உரிமை அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. ஒரே புயலில் ஒருவர் சிரிப்பதற்கும் ஒருவர் அழுவதற்கும் உள்ள காரணங்களுள் பெரியது இதுவே என்று எங்களுக்குத் தோன்றியது.

இதை வகுப்பில் பேசிக் கொண்டிருந்தபோது, குப்பத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி மெல்ல எழுந்தாள். "எங்க அப்பாவுக்கும் இதேதான்," என்றாள். புயல் ஓய்ந்து கடல் கலங்கித் தெளியும்போது நல்ல மீன்பாடு கிடைக்கும் என்பார்களாம். அந்த நேரத்தில் கடலுக்குப் போனால் நாலு காசு மிஞ்சும். ஆனால் எச்சரிக்கை விலகியிராது, அலையும் அடங்கியிராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அவளுடைய தந்தை பல நாள் கரையிலேயே இருந்தாராம். "வீட்டில அரிசி குறைஞ்சிடுச்சு. அப்பா வலையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. அம்மாதான், 'கடல் எங்கயும் ஓடிப் போகாது, இருங்க'ன்னு சொல்லுவாங்க," என்றாள். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எந்தப் பாடநூலும் அன்றுவரை எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நாங்கள் அறிந்து கொண்டது

புயல் நல்லதா, கெட்டதா என்று கேட்பது பொருந்தாது. பனியின்றி இமயத்து ஓடைகள் இல்லை. மழையின்றி நம் ஏரிகள் இல்லை. தருவதும் அதுவே, பறிப்பதும் அதுவே. மனிதர் செய்யக் கூடியவை மூன்று. எச்சரிக்கையை மதித்தல் ஒன்று. ஆபத்து நீங்கும்வரை பொறுத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் சறுக்கு வீரர் நமக்குக் கற்பிப்பவை. மூன்றாவது, பொறுத்திருப்பதால் பட்டினி கிடக்க நேர்வோரைத் தாங்குதல். இது அவர்களைவிட நம்மைப் போன்றோரின் கடமை.

சகோதரிகளே! அடுத்த முறை புயல் எச்சரிக்கை வந்து, நமக்கு விடுமுறை என்று கைகொட்டி மகிழும்போது, கரையில் வலையைப் பார்த்தபடி அமர்ந்திருப்பவரையும் ஒரு கணம் நினைப்போம். எங்கள் வகுப்பில் இப்போது ஓர் உண்டியல் இருக்கிறது. பெரிய தொகை ஒன்றும் சேரவில்லை. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் ஒரு மூட்டை அரிசிக்கு ஆகும் என்று எங்கள் கணக்கு சொல்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர், புவியியல் மன்றம்