கோசுத் தோட்டத்துக் குளவி

முட்டைக்கோசு இலையைப் புரட்டிப் பாருங்கள். தொட்டதும் துள்ளி நூலில் தொங்கும் பச்சைப் புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் பிள்ளை. மலாயாவில் 1925இல் பதிவான பூச்சி இது. 1953இல் ஜாவா மலைகளில் டி.டி.டி. மருந்துக்கே அசையாமல் நின்றது. மருந்தை மாற்ற மாற்ற அதுவும் பழகிக்கொண்டது.

அதை அடக்க 1970களில் மலேசியாவின் கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்டது டயடெக்மா செமிக்ளாசம் என்னும் ஒட்டுண்ணிக் குளவி. கறுத்து மெலிந்த உடல், அரிசி மணி நீளம். பெண் குளவி புழுவுக்குள் ஒரு முட்டையைச் செருகிவிடும். புழு ஒன்றும் நடக்காததுபோல் தின்று வளர்ந்து வலைக்கூடு பின்னும். அப்போது உள்ளிருக்கும் குளவிப்புழு அந்தப் புழுவை உண்டு முடித்து, அதே வலைக்குள் தன் கூட்டையும் கட்டிக்கொள்ளும். அந்த நீள்வட்டக் கூட்டைக் கண்டால் தயவுசெய்து நசுக்காதீர்கள்.

மலைக்குளிர்தான் இந்தக் குளவிக்கு உயிர். அடிவாரத்து வெக்கை ஆகாது. கடும் பூச்சிமருந்தைக் கண்மூடி அடித்தால், மருந்துக்குப் பழகிய புழு தப்பும், குளவி சாகும்.

குளவியின் வேலை தோட்டத்தோடு நிற்பதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் வைத்திருக்கும் மாசிக்காயும் குளவி வேலைதான். மேற்காசிய ஓக் மரக் கிளையில் ஒரு சிறு குளவி உண்டாக்கும் வீக்கம் அது. அந்த வீக்கத்தைத் துளைத்து உள்ளிருக்கும் புழுவில் முட்டையிடும் குளவிகளும் உண்டு. அவை டயடெக்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்.