உங்களுக்குத் தெரியுமா? நகைச்சுவை மேடையில் ஒரு நன்றிப் பாட்டு

2017 ஆகஸ்டு 26 அன்று, சிங்கப்பூரில் காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கில் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' பாடியது. இந்த அமெரிக்க ராக் குழுவின் 'எவர்லாங்' பாடலுக்குப் பின்னால் ஒரு நட்பின் கதை இருக்கிறது.

நியூயார்க்கில் பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திவந்த டேவிட் லெட்டர்மேனுக்கு 2000 ஜனவரியில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து இடங்களில் பைபாஸ். பிப்ரவரி 21 அன்று அவர் மேடைக்குத் திரும்பியபோது, அவருக்கு மிகப் பிடித்த 'எவர்லாங்' பாடலைப் பாட இக்குழு தன் தென் அமெரிக்க இசைப் பயணத்தையே நிறுத்திவிட்டு வந்தது. புகழும் பணமும் தரும் பயணத்தை ஒரே ஒரு பாட்டுக்காக விட்டு வருவது சாதாரணமா?

அதன் பிறகும் பலமுறை அவரது நிகழ்ச்சியில் பாடினார்கள். 2014 அக்டோபரில் ஒரு வாரம் முழுக்க அவர்களே இசை விருந்தினர்கள்.

2015 மே 20, லெட்டர்மேனின் கடைசி நிகழ்ச்சி. நியூயார்க்கில் இரவு 11.35-க்கு அது ஒளிபரப்பானபோது சிங்கப்பூரில் மறுநாள் பகல் 11.35. முப்பத்து மூன்று ஆண்டுக்காலக் காட்சிகள் திரையில் ஓட, குழு மறுபடியும் 'எவர்லாங்' பாடியது. அந்தப் பாட்டோடுதான் நிகழ்ச்சி முடிந்தது.