சர்க்கரையும் சஞ்சலமும்

காலை ஐந்தரை மணிக்குத் திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிக் கரையோரம் வந்து நிற்கும் நேயர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். முன்னெல்லாம் அந்த வேளையில் கையில் சொம்பும் தோளில் துண்டுமாக ஸ்நானத்துக்குப் போகிறவர்களே தென்படுவார்கள். இப்போதோ, காலில் கான்வாஸ் பூட்ஸும் தலையில் மப்ளருமாகக் கைகளை வீசி விரைந்து நடக்கிறவர்களின் கூட்டம். எதிரே வருகிறவரை "சௌக்கியமா?" என்று விசாரிக்கும் வழக்கம் மறைந்து வருகிறது. "எவ்வளவு?" என்பதே இன்றைய குசலப் பிரச்னம். "வெறும் வயிற்றில் 140, சாப்பிட்ட பின் 210" என்று பதில் வருகிறது. எண் குறைந்தவர் பரீட்சையில் தேறியவரைப் போல் நெஞ்சை நிமிர்த்துகிறார். கூடியவர் திருடியவரைப் போல் தலையைக் குனிகிறார்.

நாமும் அக்கூட்டத்தில் ஒருவர். பள்ளிக்கூட உபாத்தியாயர், வயது நாற்பத்தாறு, ஐந்து வருஷமாகச் சர்க்கரை வியாதியுடன் குடித்தனம் நடத்தி வருகிறவர். நம் கூட்டமோ சிறியதன்று. 2023-ம் வருஷம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, இத்தேசத்தில் இவ்வியாதியுள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் அரிசியைக் குறை, இனிப்பை விலக்கு, நட என்று புத்தி சொல்லப் பலர் இருக்கிறார்கள். "உன் மனத்தில் என்ன ஓடுகிறது?" என்று கேட்பவர்கள்தாம் அபூர்வம். அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நம்முடன் நடக்கும் பெரியவர் ஒருவர். பத்து ஏக்கர் நஞ்சைக்காரர். சாதத்தை இரண்டு கரண்டியாகக் குறைத்துவிட்டார். காப்பியில் சர்க்கரை போட்டுப் பல வருஷமாயிற்று. ஆயினும் சில வருஷங்களில் அவருடைய எண் ஏறிவிடும். காரணம் கேட்டால், "தண்ணி வராத வருஷம் சர்க்கரை வந்துடுது, சார்!" என்று சிரிப்பார். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால்தான் எங்கள் பக்கத்தில் குறுவை; அதன் பின் சம்பா. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் குறித்த நாளில் அணையைத் திறக்க இயலாது போயிற்று. 2020-ல்தான் மறுபடியும் அந்த நாள் தவறாமல் கதவு திறந்தது. அந்த எட்டு ஆனி மாதங்களிலும் பெரியவர் இரவு கண் மூடியதில்லை. அவர் விகடமாகச் சொன்னது வெறும் விகடமன்று. அதில் சாஸ்திரம் இருக்கிறது.

இந்தச் சாஸ்திரம் பழையதுங்கூட. இனிப்பான நீர் பிரியும் மேக ரோகத்தைப் பற்றிப் பேசும் சரக சம்ஹிதை, உட்கார்ந்தே சுகப்படுவதையும் அதிக நித்திரையையும் தயிர், வெல்லம் முதலியவற்றையும் காரணங்களாகக் கூறுவதோடு, மனக்கலக்கத்தையும் சோகத்தையும் சேர்த்தே கூறுகிறது. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியரும் நீண்ட துயரத்தை இதற்குக் காரணமாகச் சொன்னார். 1849-ல் பிரெஞ்சுக்காரரான குளோட் பெர்னார் என்பவர், பிராணிகளின் மூளையின் அடிப்பாகத்தில் ஓரிடத்தில் ஊசியால் குத்தியவுடன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் கண்டார். மூளைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டென்பது அப்போது நிரூபணமாயிற்று.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கானன் 1911-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். பயந்துபோன பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வருவதை அவர் காட்டினார். 1913-ல், பெரிய கால்பந்துப் பந்தயம் முடிந்தவுடன் ஆட்டக்காரர்கள் இருபத்தைந்து பேரைச் சோதித்தார். பன்னிரண்டு பேரிடம் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐந்து பேர், ஆட்டத்தில் இறங்கவே இறங்காமல், "நம்மைக் கூப்பிடுவார்களோ?" என்று பெஞ்சியில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்தவர்கள்! ஓடாமல் ஆடாமல் வெறும் தவிப்பே சர்க்கரையை ஏற்றியது.

இது எப்படி நடக்கிறது? நம் ஈரல் ஒரு களஞ்சியம். உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதியை அது சேமித்து வைக்கிறது. பயமோ கோபமோ வந்தால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ரசத்தை ரத்தத்தில் விடுகின்றன. உடனே களஞ்சியத்தின் கதவு திறக்கிறது. புலியைக் கண்ட மனிதன் ஓடவோ எதிர்க்கவோ வேண்டுமே. அதற்கான விறகு அந்தச் சர்க்கரை. ஆனால் இன்று நம்மைத் துரத்துவது புலியன்று. பாங்கியின் நோட்டீஸ், பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் மார்க்கு. இவற்றைக் கண்டு யாரும் ஓடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே கலங்குகிறோம். விறகு வந்து குவிகிறது, அடுப்பு எரியவில்லை. ஆரோக்கியமானவர்களுக்குக் கணையம் இன்சுலினை அனுப்பி இதைச் சரிக்கட்டிவிடும். நமக்கோ இன்சுலின் போதவில்லை, அல்லது வேலை செய்யவில்லை. கவலை நாட்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ரசமும் சேர்ந்து இன்சுலினின் வேலையை மேலும் தடுக்கிறது.

இது ஒரு வழி. இதைக் காட்டிலும் சாதாரணமான வழி மற்றொன்று உண்டு. மனம் சோர்ந்தவன் நடக்கப் போவதில்லை, தூங்குவதில்லை, மாத்திரையை மறக்கிறான், ஆறுதலுக்காக ஜாங்கிரியைத் தேடுகிறான். எண் ஏறுகிறது. அதைக் கண்டு இன்னும் சோர்கிறான். செக்கு மாட்டின் கதைதான்.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "அவன் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே வியாதியை வரவழைத்துக்கொண்டான்" என்று ஒருவரையும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. வம்சமும், பருமனும், வயதும், உழைப்பின்மையும் ஒன்றுசேர்ந்து வரும் வியாதி இது. சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வேறு வகையாகவும் வருகிறது. கவலை எல்லோருக்கும் ஒரே அளவில் சர்க்கரையை ஏற்றுவதுமில்லை. அவ்வாறே, தைரியம் மருந்தாகாது. 1922-ம் வருஷம் ஜனவரியில் டொராண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் பதினாலு வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்ஸனுக்கு இன்சுலின் ஊசி போடப்படும் வரையில், இவ்வியாதி கண்ட குழந்தைகள் எத்தனை தைரியசாலிகளாயினும் பிழைத்ததில்லை. மருந்து மருந்தின் வேலையைச் செய்யட்டும். மனத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். வெளியில் சொல்ல வெட்கமான கதைதான். வியாதி என்று வைத்தியர் சொன்ன நாள் முதல் ஏழு மாதம் நாம் அதை வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் சுகாதாரப் பாடம் நடத்துகிறவனுக்கே சர்க்கரை வியாதி என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? மாத்திரைகள் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. கல்யாண வீடுகளில், "வேண்டாம்" என்றால் காரணம் கேட்பார்களே என்று, லட்டையும் பாயசத்தையும் வாங்கி விழுங்கினோம். மறுநாள் பயம், பயத்தினால் ரத்தம் சோதிக்கப் போகவில்லை. பார்க்காத எண் இல்லாத எண் என்பது அப்போதைய நம் வேதாந்தம்.

ஒரு நாள் அரைப் பரீட்சை. காலையில் மாத்திரை போட்டாயிற்று. கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையை இறக்கும் வகை மாத்திரை அது. மேற்பார்வை வேலை நீண்டு, மத்தியானச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு மேல் தள்ளிப்போயிற்று. கடைசி வரிசைப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனிடம் அளவுகோல் கேட்டான். அவ்வளவுதான். அவன் விடைத்தாளைப் பிடுங்கி, "திருட்டுப் பயலே!" என்று கத்தினோம். கை நடுங்கிற்று, சட்டை வேர்வையில் நனைந்தது, கரும்பலகை இரண்டாகத் தெரிந்தது. பிறகு நாற்காலியில் சரிந்தோம். எங்கள் பள்ளிப் பியூன் ஒருவர், தம் தாயாருக்கு இதே நிலையைப் பார்த்தவர், ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். கால் மணியில் உலகம் நேராயிற்று. "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு சொல்லியிருக்கலாமே!" என்றார்.

அன்று நாம் அறிந்தது இது: சர்க்கரை ஏறினால் மட்டுமல்ல, இறங்கினாலும் மனம் புரளும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வேர்வை, படபடப்பு, பசி இவற்றோடு காரணமற்ற கோபமும் குழப்பமும் வரலாம். மூளைக்கு முக்கிய ஆகாரம் சர்க்கரையே. அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதித்து, தேறியதும் ஆகாரம் கொள்ள வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாம் மறைத்த ரகசியம் நம்மை மட்டுமா வருத்திற்று? குற்றமற்ற ஒரு பையனைத் திருடனாக்கிவிட்டது. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம், காரணத்தையும் சொன்னோம். ஏழு மாதச் சுமை அன்று இறங்கிற்று.

வீட்டிலும் சொன்னோம். நம் இல்லாள் கோபித்துக்கொள்ளவில்லை. "பஞ்சாங்கத்தைத் தினம் துடைக்கிறவ நான்தானே? என்னிக்குச் சொல்லப் போறீங்கன்னுதான் காத்திருந்தேன்" என்றாள். நாம் தனியாக அழுததாக எண்ணிக்கொண்டிருந்த ஏழு மாதமும் அவளும் தனியாக அழுதிருக்கிறாள்!

இத்தகைய சோர்வை இப்போது வைத்தியர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, வியாதியைச் சுமப்பதில் உண்டாகும் சலிப்பு: தினமும் ஊசியா, தினமும் கணக்கா, எத்தனை செய்தும் எண் இறங்கவில்லையே என்ற அலுப்பு. இதை அளந்து பார்க்க 1995-லேயே அமெரிக்காவில் வில்லியம் பொலான்ஸ்கி முதலியோர் ஒரு கேள்வித்தாள் வகுத்தார்கள். மற்றொன்று, எதிலும் பிடிப்பற்றுப்போகும் மனச்சோர்வு என்ற தனி வியாதி. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் ஊக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாமென்று தோன்றினால் அது பலவீனமன்று. சிகிச்சை செய்துகொள்ள வேண்டிய நோய். முதலாவதற்கு நல்ல வார்த்தையும் எளிதான திட்டமும் போதலாம். இரண்டாவதற்கு வைத்தியர் வேண்டும்.

மனத்துக்குச் செய்யும் சிகிச்சை உடம்புக்கும் பலிக்குமா? நம் தேசத்திலேயே பரீட்சித்திருக்கிறார்கள். சென்னை, பெங்களூர், தில்லி, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் நான்கு வைத்திய சாலைகளில், சர்க்கரையும் அடங்காமல் மனமும் சோர்ந்திருந்த 404 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதியினருக்கு அதோடு ஓர் உதவியாளர்; அவர் அடிக்கடி விசாரிப்பார், குறைகளைக் கேட்பார், வைத்தியர்களுடன் கலந்து பேசுவார். மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததுடன், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் இரண்டு வருஷ முடிவில் எத்தனை பேர்? வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்குச் சுமார் 57; விசாரிப்பும் சேர்ந்தபோது சுமார் 72. இந்த முடிவு 2020-ல் வெளியாயிற்று. விசாரித்துக் கேட்கும் ஒரு மனிதருக்கு இவ்வளவு சக்தி!

அந்த மனிதர் நம் வீட்டிலேயே இருக்கலாம் அல்லவா? ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் மற்றவர்களெல்லாம் போலீஸ்காரராகிவிடுகிறார்கள். "அதைத் தொடாதே", "போன மாதமே சொன்னேனே", "இப்படித் தின்றால் காலை எடுக்க வேண்டியதுதான்!" பயமுறுத்தப்பட்டவர் திருந்துவதில்லை, ஒளிந்து தின்னக் கற்றுக்கொள்கிறார். அதற்குப் பதில், "வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்று சொல்லலாம். அவருக்கு மட்டும் கேழ்வரகுக் களி போடாமல் எல்லோரும் அதில் பங்கு கொள்ளலாம். வீட்டிலுள்ள பெண்களுக்கு இவ்வியாதி வந்தாலோ கேட்பாரே இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிடும் தாய்க்கு எந்த மாத்திரை ஒழுங்காக வேலை செய்யும்? எண்ணைக் கண்டும் கலங்க வேண்டாம். அது நற்சாட்சிப் பத்திரமன்று. வாய்க்காலில் நீர் மட்டம் காட்டும் கல்லைப் போன்றது. மட்டம் ஏறினால் மடையைத் திருத்துகிறோம். கல்லைப் பார்த்து அழுவதில்லை.

மனத்தின் வேலை இன்னதென்பதற்கு லோகமான்ய திலகர் சாட்சி. 1908-ல் ஆறு வருஷ தண்டனை பெற்று மண்டலே சிறைக்குச் சென்றபோது அவர் நீரிழிவுக்காரர். இன்சுலின் பிறவாத காலம். ஆகாரத்தை வாற்கோதுமை மாவு முதலியவற்றோடு சுருக்கிக்கொண்டு, ஒழுங்கைக் கைவிடாமல், 1910–11 குளிர்காலத்தில் பென்சிலால் எழுதிய நூல்தான் 'கீதா ரகஸ்யம்'. 1912-ல் மனைவி காலமான செய்தி சிறைக்குள் வந்தது. 1914-ல் விடுதலையாகி வந்தவர் தம் பணியைத் தொடர்ந்தார். அவருடைய மனோபலம் நீரிழிவைக் குணப்படுத்தவில்லை. பத்தியத்தைக் காக்கவும், துயரத்தினிடையே செய்வதற்கு ஒரு காரியத்தைப் பற்றிக்கொள்ளவும் அது உதவிற்று. நமக்கும் அவ்வளவு போதும்.

இப்போது நம் மூன்று மாதச் சராசரி ஓரளவு இறங்கியிருக்கிறது. கோபம் முழுதும் இறங்கியதாகச் சொல்ல முடியாது. வகுப்பில் நம் குரல் சற்று உயர்ந்தால் போதும், முன் பெஞ்சிப் பையன் எழுந்து, "சார், சாப்பிட்டீங்களா?" என்று கவலையோடு கேட்கிறான். சில நாள் அவன் சந்தேகம் சரியாக இருக்கும். பல நாள் அது நம் பழைய முன்கோபமே. எதுவாயினும், அவன் கேட்டவுடன் நாற்பது பேரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரித்துவிடுகிறோம்.