மதுரை வென்ற பதினெட்டு நாட்கள்

கால்பந்து என்றதும் நமக்கு ஆண்களே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

லீக் என்றால் ஒவ்வோர் அணியும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை ஆடுவதே வழக்கம். அதற்குப் பல மாதங்களாகும். அதே ஆண்டு மார்ச்சில், ஆண்களின் ஐ-லீக்கில் 20 ஆட்டங்கள் ஆடி முடித்த சென்னை சிட்டி அணி, கோவை ரசிகர்கள் முன்னிலையில் பட்டம் வென்றது. மகளிர் அணிகள் பன்னிரண்டுமோ பஞ்சாபின் லூதியானாவில் கூடி, மே 5 முதல் 22 வரை ஆடி முடித்தன. பதினெட்டே நாட்கள்! (நமது கோடை விடுமுறைகூட இதைவிட நீளம்.) செலவு குறையும் என்பது மெய்தான். ஆனால் கால் சுளுக்கி இரண்டு வாரம் படுத்தவளுக்கு அந்த ஆண்டே போயிற்று. வெற்றி பெற்றவர்களின் ஆட்டத்தை மதுரைக்காரர்களும் நேரில் காணவில்லை.

இறுதியாட்டத்தில் சேது அணி மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்றது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் ஒரு பெண்மணி. அணியில் ஆடிய கடலூர் இந்துமதி, 2020 ஊரடங்கின்போது சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகச் சாலையில் நின்று பணியாற்றினார். பந்து மட்டும் சோறு போடாதல்லவா!

கொரோனாவால் ஓர் ஆண்டு லீக்கே நடைபெறவில்லை. 2023-24-இல்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறை மகளிருக்கும் வந்தது. ஏழு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டங்கள். லூதியானாவில் கோப்பையை வென்ற அணிக்குக் கிடைத்தவை ஏழே.