செள் பிடித்த கோழியும் வளர்ப்போர் அறிய வேண்டியவையும்

கிராமங்களில் செள் என்று வழங்கப்படுவது, உண்ணியின் இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் சிற்றுண்ணியாகும். கோழிகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் செள்களுள் இரண்டு வகைகள் முதன்மையானவை. டெர்மனிசஸ் எனப்படும் சிவப்புச் செள், பகலில் கூட்டின் விரிசல்களிலும் மரச்சட்டங்களின் இடுக்குகளிலும் பதுங்கியிருந்து, கோழிகள் அடைந்தபின் இரவில் அவற்றின் மீது ஏறி, வயிறு நிரம்பியதும் மீண்டும் இடுக்குகளுக்கே திரும்பிவிடுகிறது. ஆர்னிதோனிசஸ் எனப்படும் மற்றொரு வகையோ கோழியின் உடலிலேயே, குறிப்பாக ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளில் தங்கிப் பெருகுகிறது. முதல் வகை தாக்கிய கோழியைப் பகலில் புரட்டிப் பார்த்தால் ஒரு செள்ளும் தென்படாமல் போகக்கூடும் என்பதால், நோயின் காரணம் அறியப்படாமலேயே பல கோழிகள் மெலிந்து மடிகின்றன.

அறிகுறிகள்

இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் அடைக்கோழியே செள்ளுக்கு எளிதில் இரையாகிறது. கொண்டையும் தாடியும் சிவப்பு குன்றி வெளிறுவது, மார்பெலும்பு கைக்குக் கூர்மையாகத் தட்டுப்படுவது, முட்டை குறைவது, மாலையில் கூட்டுக்குள் செல்ல மறுத்து வெளியிலேயே நிற்பது ஆகியவை இரத்தசோகையையும் செள் தொல்லையையும் காட்டும் அடையாளங்களாகும். இரவில் விளக்கொளியில், கோழி அமரும் கட்டையின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கும்போது, இரத்தம் குடித்த செள்கள் நசுங்கித் துணியில் சிவப்புத் தீற்றல் விழுமானால் ஐயம் தெளிந்துவிடும். ஆனால் பல கோழிகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகிக்கொள்ளுமானால், அது வெள்ளைக்கழிச்சல் என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம் என்பதால் உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

தேற்றும் முறை

மெலிந்த கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, காய்ந்த கோணி விரித்த பஞ்சாரத்தில், காற்றுச் சாடாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்தல் வேண்டும். அடையில் இருந்தால் அடையைக் கலைத்து, முட்டைகளை வேறு கோழிக்கு மாற்றிவிட வேண்டும். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் மூச்சுக்குழலின் வாய் திறந்திருப்பதால், அலகைப் பிளந்து நீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எனவே அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, கோழி தானே விழுங்கும்படி செய்வதே முறை. கம்பங்கூழ், வேகவைத்து மசித்த முட்டை, நறுக்கிய முருங்கைக்கீரை, கறையான் போன்ற புரதமும் இரும்புச்சத்தும் உள்ள தீனியைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். இழந்த இரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கொண்டையின் நிறம் மெல்லத் திரும்புவதே தேறுதலின் அளவுகோலாகும். தளர்ந்த கோழியை மருந்துக் கரைசலில் முக்குவது அதன் உடற்சூட்டைக் குறைத்து உயிருக்கே ஊறு செய்யலாம். எந்த மருந்தை எவ்வகையில் இடுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கோழியை மட்டும் தேற்றிப் பழைய கூட்டிலேயே அடைத்தால் முயற்சி முழுவதும் வீணாகும். சிவப்புச் செள் இரத்தமின்றிப் பல மாதங்கள் உயிர்வாழக்கூடியது என்பதால், கூட்டைச் சில வாரம் காலியாக விட்டுவைப்பதும் பயன் தராது. வைக்கோலையும் குப்பையையும் எரித்து, இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி, உலர்ந்தபின் விரிசல்களுக்குள் இறங்குமாறு சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பெரும்பாலான மருந்துகள் செள்ளின் முட்டைகளை அழிப்பதில்லை. வெப்பமான காலத்தில் ஒரு தலைமுறை ஒரு வாரமளவிலேயே வளர்ந்துவிடுகிறது. ஆகவே மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மருந்தை மறுமுறையும் இட வேண்டும்.

நஞ்சு திரும்பும் வழி

பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியையோ புகையிலைக் கரைசலையோ கோழியின் மீது தெளிப்பது பரவலான, ஆபத்தான வழக்கம். அந்த நஞ்சு தோல் வழியாகவும் கோழி இறகைக் கோதும்போது அலகு வழியாகவும் உடலுக்குள் சென்று, கோழியைக் கொல்லவோ முட்டையில் தங்கவோ கூடும். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும், செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் இடப்பட்ட மருந்தில், உணவுக்கான விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்ட ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது கண்டறியப்பட்டு, பல பண்ணைகள் மூடப்பட்டதுடன் கோடிக்கணக்கான முட்டைகள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்ட பிஎச்சி போன்ற பழைய பூச்சிக்கொல்லிப் பொடிகள் வீட்டில் எஞ்சியிருந்தாலும் அவற்றைக் கோழிக்குப் பயன்படுத்தலாகாது.

உரிமைகளும் கடமைகளும்

மருந்து கொடுத்தபின் முட்டையையோ இறைச்சியையோ உண்ணாமல் காத்திருக்க வேண்டிய காலம் விலக்குக் காலம் எனப்படும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான மருந்தின் மேலுறையில் இக்காலம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்றும், அது உறுதிசெய்யப்படாத நிலையில் முட்டைக்கு 7 நாளுக்கும் இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையலாகாது என்றும் இந்திய மருந்து விதிகள் கூறுகின்றன. இதைக் கேட்டறிவது வாங்குபவரின் உரிமை; கடைப்பிடிப்பது வளர்ப்பவரின் கடமை.

மருந்துக்கு ரசீது தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. காலாவதியான அல்லது போலியான மருந்தால் கோழிகளை இழந்தவர், ரசீதையும் புட்டியையும் பத்திரப்படுத்தி, இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பிழைப்புக்காகச் சுயதொழிலாகக் கோழி வளர்ப்போரும் இச்சட்டத்தின்படி நுகர்வோரே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் வழிகாட்டுதலைப் பெறலாம். அதேபோல், 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணவும் தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அச்சட்டத்தின் வரையறைப்படி கோழியும் விலங்கே ஆகும்.

கோழி மெலியத் தொடங்கியவுடன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையோ அணுக வேண்டும். அதற்கு முன் பூச்சிக்கொல்லிப் புட்டியைத் திறவாதிருப்பதே கோழிக்கும் அதன் முட்டையை உண்ணும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.